ஐயாயிரம் சுற்று

அறுபதாம் ஆண்டு மலருக்கு
நிறுவன வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள்.
பாதிப் பணம் முன்பே வந்தது.
கௌதென்ஸியோ தெல்விகோ ஒரு மாலை
கடலைப் பார்த்து நின்றாராம்,
மின்னல் வெட்டியதாம்,
மனதில் கிதார் தோன்றியதாம்.
அங்கிருந்து தொடங்க வேண்டுமாம்.

நான் சம்பளப் பேரேட்டிலிருந்து தொடங்கினேன்.

அன்கோனாவுக்குத் தெற்கே மலைமேல் ஊர்.
அக்கார்டியன் செய்த பட்டறை.
அறுபத்திரண்டில் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்:
இனி அனுப்ப வேண்டாம், பையன்கள் தொடுவதில்லை.
மூச்சு வாங்காத துருத்திகள்
கூரைவரை அடுக்கிக் கிடந்தன.
மீன்செதில்போல் மினுங்கும் செல்லுலாய்டு
நானூறு சுருள் மிச்சம்.
கடன், அதைவிட மிச்சம்.

சுருளை என்ன செய்வது?
பலகையை கிதாராக அறுத்து, மேலே ஒட்டினார்கள்.
பொத்தான்களை என்ன செய்வது?
கிதாரின் நெஞ்சில் வரிசையாகப் பதித்தார்கள்.
ஒன்றை அழுத்தினால் குரல் கனக்கும்,
அடுத்ததை அழுத்தினால் மெலியும்,
மூன்றாவது எதற்கென்று
பதித்தவர்களுக்கே தெரியாது.
விளம்பரத்தில் அதற்குப் பெயர் புதுமை.
பேரேட்டில், பழைய சரக்குக் கழிவு.

எண் நாற்பத்தொன்று, எர்சிலியா பாக்கலோனி.
அக்கார்டியனின் எஃகு நாக்குகளை அரவி
சுருதி சேர்த்தவள்.
இப்போது தையல் மோட்டார் முன்னால்
காந்தத்தைச் சுற்றிச் செம்புக்கம்பி,
முடியைவிட மெல்லியது,
ஒரு பிக்கப்புக்கு ஐயாயிரம் சுற்று.
எண்ணும் கருவி மார்ச்சில் பழுது.
மேற்பார்வை நஸரேனோ ஓரத்தில் எழுதியிருக்கிறார்:
‘அடுத்த மாதம்.’
ஏப்ரலிலும் அதே. மேயிலும் அதே.
ஜூனில் எழுதுவதையும் விட்டுவிட்டார்.

அவள் வாயால் எண்ணினாள்.
வாடகை நினைவு குறுக்கிட்டால்
நாலாயிரத்து எழுநூறில் நின்றுவிடும்.
பக்கத்து மேசைக்காரி சிரிக்க வைத்தால்
எங்கே நின்றதென்று யாருக்கும் தெரியாது.

அறுபத்து நாலு, நவம்பர்.
சுற்றுப் பிரிவில் பதினொரு பெண்கள்,
ஆண்களுக்குத் தருகிற கூலி கேட்டார்கள்.
தெல்விகோ கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.
‘வசந்தத்தில் பார்க்கலாம்.’

அவர்கள் வேலையை நிறுத்தவில்லை.
வேலையை
நிறுத்தவேயில்லை.
ஐயாயிரம் தாண்டியது, ஆறாயிரம் தாண்டியது,
பிடிக்கு அடங்காமல் சுருள் உப்பியது.
கம்பி, கம்பெனி காசுதானே.

அந்த மாதக் கிதார்கள் பிராட்ஃபோர்டுக்குப் போயின.
ஒரு பையன் சொருகியதும்
ஒலிபெருக்கி கரகரத்துக் கத்தியது,
பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு தட்டு விழுந்து உடைந்தது.
முப்பது கிதார்கள் திரும்பி வந்தன.
மற்றவற்றை வாங்கியவர்கள்
திருப்பித் தர மறுத்தார்கள்.

இன்று அதில் ஒன்றின் விலைக்கு
இந்த ஊரில் இரண்டு அறை வீடு வாங்கலாம்.
நிபுணர்கள் காரணம் சொல்கிறார்கள்:
காந்தத்தில் ரகசிய உலோகக் கலவை,
அட்ரியாட்டிக் உப்புக்காற்று,
முதலாளியின் செவி.

எர்சிலியாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
பின்னணியில் கால்பந்து வர்ணனை.
‘செவியா, அவருக்கா?
பன்னிரண்டாயிரம் லிரா பாக்கி என்று எழுதுங்கள்.
எழுதிவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.’
கோல் விழுந்தது. வைத்துவிட்டாள்.

எழுதினேன். வெட்டினார்கள்.
மலர் மின்னலோடு வெளிவந்தது.
மீதிப் பணம் பரிசீலனையில் இருக்கிறது.

சந்தையில் செத்த பிக்கப் ஒன்று கிடைத்தது,
அந்த நவம்பருடையது.
சமையலறை மேசையில் வைத்துப் பிரிக்கிறேன்,
ஒவ்வொரு சுற்றாக, வாய்விட்டு எண்ணி.
தரையெல்லாம் செம்பு,
பூனைக்குத் திருவிழா.
மூவாயிரத்து நூற்றிப் பதினாறு,
மூவாயிரத்து நூற்றிப் பதினேழு.
அந்த மீதிப் பணம் நினைவுக்கு வந்தது.

எங்கே விட்டேன்?